இல்லை என்று குறித்துக்கொண்ட ரெப்போ

புதன்கிழமை, ஐப்பசி 9.

ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து நான் எழுதும் நிரலை மன்னார்புரம் ஆபீசில் பில்டு செய்து, அதாவது ஓடும் மென்பொருளாகக் கட்டி, பார்ப்பவர் ஸ்டெல்லா. காலையில் போன் செய்தார்.

"சார், உங்க ஃபைல் ரிமோட் ரெப்போல இல்லவே இல்லை."

ரிமோட் ரெப்போ என்பது நாங்கள் இருவரும் இணையம் வழியே பயன்படுத்தும் பொதுக் கோப்புக் கிடங்கு; ஃபைல் அப்போதுதான் அதில் ஏறிக்கொண்டிருந்தது. ஏறி முடிந்ததும் மறுபடி பார்க்கச் சொன்னேன். அப்போதும் அவருடைய பில்டு கருவி இல்லை என்றது. எனக்கோ கண்ணெதிரே இருந்தது. வழக்கம்போல என்மீதே சந்தேகப்பட்டு, முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன், கடவுச்சொல்லை மாற்றினேன், மன்னிப்பும் கேட்டேன்.

"உங்க வீட்ல மட்டும்தான் ஓடும்னா, கஸ்டமரை ஸ்ரீரங்கத்துக்கே கூட்டிட்டு வந்துடவா சார்?" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

மாலையில்தான் கையேட்டில் காரணம் கிடைத்தது. ரிமோட் ரெப்போவில் ஒரு ஃபைல் ஒருமுறை கிடைக்காவிட்டால், பில்டு கருவி அதை 'இல்லை' என்று ஸ்டெல்லாவின் கணினியிலேயே உள்ள கிடங்கில், லோக்கல் ரெப்போவில், குறித்துக்கொள்கிறது. பிறகு மறுநாள் வரை போய்ப் பார்ப்பதே இல்லை. பார்க்காமலே இல்லை என்று சாதிக்கிறது. இதற்காகவா நாள் முழுக்கக் குன்றிப்போனேன்!

அந்தக் குறிப்பை அழிக்கச் சொன்னேன். உடனே ஓடியது.

"காலையிலேயே சொல்லக் கூடாதா சார்? சாருக்கு இனிமே முடியாது போலன்னு மேனேஜர்கிட்ட வேற சொல்லிட்டேனே."

சரியாகிவிட்டதை மேனேஜரிடம் சொன்னாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மாதக் கடைசியில் என் ஒப்பந்தத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் அவர்தான். நானே மேனேஜரைக் கூப்பிட்டால் ஸ்டெல்லாவைப் பற்றிக் கோள் சொன்னதாகிவிடும். பேசாமல் இருக்கலாமென்றால், மேனேஜர் ஒருமுறை காதில் விழுந்ததை மறுபடி விசாரிக்கிற ரகமில்லை.