வீடியோவில் கேட்ட குரல்

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையிலிருந்து மழை. விட்டு விட்டு. அங்கன்வாடிக்குப் பிள்ளைகள் பாதிதான். எடை போடும் வேலை பாக்கி. சத்துமாவு மூட்டை இன்னும் மேலே ஏறவில்லை, லாரி மலையடிவாரத்துக் காரவள்ளியிலேயே நிற்கிறதாம். போனில் வருகைப் பதிவு ஏற்ற சிக்னல் இல்லை. பள்ளிக்கூட மேட்டில் போய் நின்று ஏற்றினேன். குடைக் கம்பி ஒன்று போயிற்று.

சாயங்கால பஸ்ஸில் கோகுல் வந்து இறங்கினான். முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒரே ஒரு பை. ஹாஸ்டலுக்கு லீவு விட்டுவிட்டார்கள் என்றான். வாரத்தின் நடுவில் என்ன லீவு? இவர் எதுவும் கேட்கவில்லை, மகன் வந்த சந்தோஷத்தில் கோழி பிடிக்கப் போய்விட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வாய்க்குப் போகவில்லை.

விளக்கு வைக்கும் நேரம் எங்கள் அங்கன்வாடி உதவியாளர் லட்சுமி வந்து சொன்னாள். இதே மலையில் குண்டனி நாட்டுப் பாப்பாத்தியின் மகன் மணிகண்டன் ஹாஸ்டல் மொட்டை மாடியிலிருந்து விழுந்துவிட்டானாம். சேலம் பெரியாஸ்பத்திரியில். கோகுல் படிக்கும் அதே காலேஜ், அதே ஹாஸ்டல்.

உனக்குத் தெரியாதா என்று கோகுலைக் கேட்டேன். தெரியும், மழையில் வழுக்கிவிட்டதாம் என்றான். தட்டைப் பார்த்துச் சொன்னான்.

செப்டம்பர் 10, புதன்

தூறல். துணி காயவில்லை.

மணி நினைவாகவே இருக்கிறது. ஒல்லிப் பையன். முதல் வருஷம். அவர்கள் ஊரிலிருந்து இன்ஜினியரிங் போன முதல் ஆள். சேர்ப்பதற்கு முன்னால் பாப்பாத்தி என்னைத் தேடி வந்தாள். சந்தைக்கு வாழைத்தார் கொண்டுவந்தவள், ஒரு சீப்பை என் மடியில் வைத்தாள். வேறு காலேஜிலும் இடம் கிடைத்ததாம். "உங்க கோகுலு அங்கதானுங்களே டீச்சர் இருக்குது. நம்மூரு பையன் ஒருத்தன் கூட இருந்தா எனக்குத் தைரியமுங்க" என்றாள். அவள் எதிரிலேயே இவனுக்குப் போன் போட்டேன். அனுப்பச் சொல்லும்மா, நான் பாத்துக்கறேன் என்றான்.

பாப்பாத்தி நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். எடுக்கவில்லை.

கோகுல் நாள் முழுக்கப் படுக்கையில். போனை அணைத்து வைத்திருக்கிறான். மணி விழுந்த அன்றைக்கு ஹாஸ்டலிலேயே இல்லையாம், ஜெராக்ஸ் எடுக்க டவுனுக்குப் போயிருந்தானாம். நான் கேட்காமலேயே சொன்னான்.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய்த் திரி, பூண்டு, இவருக்கு இருமல் மருந்து.

செப்டம்பர் 11, வியாழன்

வீடியோ வந்துவிட்டது. மலை முழுக்க எல்லார் போனிலும்.

பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் லட்சுமி காட்டினாள். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர். அதன்மேல் மணி, வெறுங்காலோடு, சட்டை நனைந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்து மூன்று பேர் சிரிக்கிறார்கள். சீனியர் பையன்கள். போனில் எடுப்பவன் தெரியவில்லை. அவன் குரல் மட்டும்.

"நடடா. மலையில பொறந்தவந்தான? இதுக்குப் போயி பயந்துக்கற?"

பிறகு மூக்கால் ஒரு சிரிப்பு. மணி ஒரு அடி வைக்கிறான். வீடியோ அங்கேயே நின்றுவிடுகிறது.

லட்சுமி மறுபடி மறுபடி போட்டாள். இந்தக் குரல்காரனைத்தான் எல்லாரும் தேடுகிறார்களாம். மற்ற மூன்று பேரையும் போலீஸ் பிடித்தாயிற்று. அவர்கள் வாய் திறக்கவில்லையாம். "எந்தப் பாவி பெத்ததோ" என்றாள். போதும், பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள், அணை என்றேன்.

"பயந்துக்கற"வில் கடைசி எழுத்தை இழுப்பது. மூக்கால் சிரிப்பது. இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

மழை இல்லை. மூட்டம். வாழவந்தி நாட்டுப் பக்கம் கரண்ட் இல்லை என்றார்கள், எங்களுக்கு இருந்தது. இல்லாமலே இருந்திருக்கலாம்.

டிவியில் விவாதம். ஹாஸ்டலில் இந்தப் பையன்கள் ஒரு கூட்டமாம். "ஃபேமிலி" என்று பேராம். முதல் வருஷத்துப் பையன்கள் சீனியரை அண்ணன் என்று கும்பிட்டு, சொன்னதைச் செய்து காட்டினால்தான் ஃபேமிலியில் சேர்ப்பார்களாம். சேராதவனோடு யாரும் பேச மாட்டார்களாம். காலேஜ்காரர் ஒருவர், அப்படி எந்தக் கூட்டமும் எங்கள் விடுதியில் இல்லை, மாணவர் விளையாட்டாக ஏறியது என்றார். ஒரு வக்கீலம்மா, வார்டனையும் சேர்த்துக் கைது செய்ய வேண்டும் என்றார். இன்னொருவர், இருபது வயதுப் பையன்கள், ஒரு தப்புக்காக வாழ்க்கையையே அழிப்பதா என்றார். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மணி பெயரைக்கூடத் தப்பாகச் சொன்னார்கள்.

கோகுல் எழுந்து வெளியே போய்விட்டான். இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "அந்தக் கொரலு..." என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் டிவியை நிறுத்திவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். இப்போதுதான் காட்டியிருந்தார்.

செப்டம்பர் 13, சனி

மிளகுக் கொடி கட்டக் கோகுலையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். அவன் ஏணியில். நான் கீழே நார் கிழித்துக் கொடுத்துக்கொண்டு. எப்படிக் கேட்பது என்று நாலைந்து விதமாக மனசுக்குள் வைத்திருந்தேன். எல்லாம் மறந்துபோய், "நீதான?" என்று மட்டும் வந்தது.

எது என்று அவன் கேட்கவில்லை. ஏணியை விட்டு இறங்கி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான்.

முதல் வருஷத்தில் அவனையும் அதே சுவரில் நடக்க வைத்தார்களாம். அழுதானாம். மலைக்காட்டான் என்றுதான் கூப்பிடுவார்களாம், பேர் சொல்ல மாட்டார்களாம். நடந்து முடித்த பிறகு தோளில் கைபோட்டுத் தம்பி என்றார்களாம். அந்த வருஷப் பொங்கலுக்கு வந்தவன் காலேஜ் ரொம்ப நல்லா இருக்கும்மா என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது.

மணியை நீ ஏன் தடுக்கவில்லை என்றேன்.

"அவன் ஏற மாட்டேன்னுட்டாம்மா. நான் சொன்னா ஏறுவான்னு அவனுகளுக்குத் தெரியும். அதான் என்னயச் சொல்லச் சொன்னாங்க. அவன் என்னயப் பாத்துட்டுத்தான் ஏறுனான்."

விழுந்ததும் எல்லாரும் ஓடிவிட்டார்களாம். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டது வாட்ச்மேன்.

அவனை அடிக்க வேண்டும்போல இருந்தது. கட்டிக்கொள்ள வேண்டும்போலவும். இரண்டும் செய்யவில்லை. நார்க்கட்டை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்து வந்துவிட்டேன். அவன் பின்னால் வந்தான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இவருக்குச் சொன்னேன். அவருக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. இவ்வளவு வருஷத்தில் என்மேல் குரல் உயர்த்தாதவர். இன்றும் உயர்த்தவில்லை. வீடியோவில் மூஞ்சி இல்லை, பிடிபட்டவர்களும் சொல்லவில்லை, மணியும் தெரியாது என்று போலீஸிடம் சொல்லிவிட்டானாம், செம்மேட்டுக் கடைவீதியில் பேசிக்கொண்டார்கள் என்றார். படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம்தானே என்றார்.

"பெத்தவ நீயே காட்டிக் குடுப்பயா?"

குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அதையே மூன்று பேரும் சாப்பிட்டோம்.

மணி ஏன் தெரியாது என்றான்? தன் ஊர்க்காரன் என்றா? பயமா? இதுதான் திரும்பத் திரும்ப.

செப்டம்பர் 15, திங்கள்

எடை போட்டு முடித்தேன். கடைசி வீட்டுப் பாப்பா எடை கூடியிருக்கிறது. அவள் அம்மாவுக்குச் சிரிப்பு.

மத்தியானம் பாப்பாத்தியே போன் செய்தாள். மணிக்கு முதுகுத்தண்டில் அடி. உயிருக்குப் பயமில்லை என்றார்களாம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லையாம். இனி வருமா என்று கேட்டால் டாக்டர் பொறுத்துப் பார்ப்போம் என்கிறாராம். இதையெல்லாம் நிதானமாகச் சொன்னாள். அழுது முடித்த குரல்.

அப்புறம் கேட்டாள். "கோகுலு எப்படீங்க இருக்குது டீச்சர்? கூடப் பழகுன பையன், பயந்துருக்குமில்லீங்க. அந்தக் கொரலு ஆருதுன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்குமுங்க. கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க. மணிகிட்டக் கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கறான்."

கேட்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல. போனை வைத்த பிறகுதான் தெரிந்தது, நான் நின்றுகொண்டே இருந்திருக்கிறேன், ஒரு குழந்தை என் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்து கோகுலிடம் பாப்பாத்தி சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதான். சின்ன வயதில் அழுவது மாதிரியே, சத்தம் இல்லாமல்.

"நீ போயிச் சொல்லு சாமி. நான் கூட வாரேன்" என்றேன்.

"சொன்னா என்னய உள்ள வெச்சுருவாங்கம்மா."

"ஆமா."

பொய் சொல்ல முடியவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

வேலைக்குப் போனேன். பாட்டுச் சொல்லிக் கொடுத்தேன். என்ன பாட்டு என்று இப்போது ஞாபகமில்லை.

அவன் சாயங்காலம் தானாக வந்து, நாளைக் காலைப் பஸ்ஸுக்குப் போகலாம் என்றான்.

செப்டம்பர் 17, புதன்

வெயில். இத்தனை நாள் கழித்து. கீழே இறங்கும்போது வளைவுக்கு வளைவு சமவெளி பளிச்சென்று தெரிந்தது. கோகுல் ஜன்னலோரம். என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். எப்படித் தூக்கம் வந்ததோ. எழுப்ப மனமில்லை.

காரவள்ளியில் பஸ் நின்றபோது இவர் வண்டியோடு நிற்கிறார். எங்களுக்கு முன்னால் கிளம்பி வந்திருக்கிறார். ஜன்னல் வழியாக ஒரு பையைக் கொடுத்தார். துண்டு, இரண்டு சட்டை, இட்லிப் பொட்டலம். மகன் கையை ஒரு நிமிஷம் பிடித்திருந்தார். பஸ் நகர்ந்தது. பிடித்தபடியே கொஞ்ச தூரம் நடந்தார், விட்டார்.

ஸ்டேஷனில் கோகுலே சொன்னான். நான் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை. எஸ்.ஐ. கொஞ்ச நேரம் நம்பவில்லை. வீடியோவைப் போட்டுக் காட்டி என்னைக் கேட்டார்.

"இது உங்க பையன் கொரல்தானாம்மா?"

"ஆமாங்க."

கையெழுத்து வாங்கினார்கள். இட்லியைச் சாப்பிட விட்டார்கள். இரண்டு சாப்பிட்டான். மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோய், பதினைந்து நாள் ரிமாண்ட். வேனில் ஏறும்போது திரும்பிப் பார்த்தான். "மணியப் போயிப் பாரும்மா" என்றான்.

திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்து சீட் காலி. யாரோ வந்து உட்காரப் பார்த்தார்கள். ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். எதற்குச் சொன்னேன் தெரியவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

டிவியில் "குரல் சிக்கியது". பெற்ற தாயே ஒப்படைத்தார் என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் ஒப்படைக்கவில்லை, அவனே போனான் என்று யாரிடம் சொல்வது. விவாதத்தில் ஒருவர் இப்படிப்பட்ட தாய்மார்கள்தான் நாட்டுக்கு வேண்டும் என்றார். அவருக்குப் பிள்ளை இருக்கிறதா? காலேஜ் நான்கு பேரையும் நீக்கிவிட்டது. வார்டனை வேறு விடுதிக்கு மாற்றியிருக்கிறார்கள். வேறு விடுதிக்கு. அங்கேயும் முதல் வருஷத்துப் பையன்கள் இருப்பார்கள்.

லட்சுமி இன்று என் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்தாள். போகும்போது, பாவின்னு சொல்லிப்போட்டேனுங்க டீச்சர், மனசுல வெச்சுக்காதீங்க என்றாள். அழுதாள். நான்தான் தேற்றினேன்.

பாப்பாத்திக்குப் போன் போட்டேன். ரிங் போகிறது. எடுக்கவில்லை.

செப்டம்பர் 20, சனி

புரட்டாசி முதல் சனி. இவர் கோயிலுக்குப் போகவில்லை. நானும்.

தெருவில் இரண்டு விதமாகப் பேசுகிறார்களாம். கேட்டுக்கொள்ளவில்லை. இவர் என்னோடு பேசுகிறார். உப்பு, தண்ணீர், மாடு. அவ்வளவுதான். கோகுலின் கட்டிலில் மடித்து வைத்த துணியை அவரும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை.

நாளை சேலம். இவரிடம் சொன்னேன். போ என்றார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பெரியாஸ்பத்திரி. வார்டு கண்டுபிடிக்கவே நேரமாகிவிட்டது. ஆரஞ்சு வாங்கிப் போயிருந்தேன். வாசலில் நின்றதும் அதைக் கையில் வைத்திருக்கவே வெட்கமாக இருந்தது. பெஞ்சிலேயே வைத்துவிட்டேன்.

பாப்பாத்தி என்னைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

"உங்ககிட்டயே கேட்டேன் பாருங்க, ஆரு கொரலுன்னு" என்றாள். சுவரைப் பார்த்துக்கொண்டு.

மன்னிப்புக் கேட்பதற்காகப் பஸ்ஸில் கட்டி வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. மணி கண்ணை மூடியிருந்தான். தூக்கமில்லை, இமை ஆடிக்கொண்டிருந்தது.

நர்ஸ் வந்து, திருப்பிப் படுக்க வைக்கணும், ஒரே பக்கம் இருந்தா முதுகு புண்ணாயிடும், கூட ஆள் இருக்கா என்று கேட்டாள். வார்டு ஆளைக் காணோம். பாப்பாத்தி எழுந்து தோளுக்கடியில் கை கொடுத்தாள். தனியாக முடியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"காலப் புடிங்க."

பிடித்தேன். இரண்டு கையாலும். எவ்வளவு கனம், அந்த ஒல்லிப் பையனுக்கு. நர்ஸ் சொன்னபடி சேர்ந்து திருப்பினோம். மணி கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தான். நான் காலை இன்னும் விடவில்லை. அது அவனுக்குத் தெரியவில்லை.