ஸ்பீக்கர் கட்டிய வீடு

யூன் 3, 1986. செவ்வாய்

விடியப்புறமே சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டது. முற்றம் முழுக்க மாவிலை, புழுதி. பள்ளிக்கூடத்தால் வந்தபோது வாசலில் லொறி. கொழும்பிலிருந்து பெட்டி வந்துவிட்டது! தங்கச்சி சுகந்தி லண்டனிலிருந்து அனுப்பியது. உள்ளே:

– வீடியோ டெக் ஒன்று. மாப்பிள்ளை பாவித்த பழையது. அம்மிக்கல்லுப் பாரம்.
– அவளுடைய கலியாணக் கசெற்.
– என் மனுசி பவளத்துக்குச் சேலை.
– ஐயாவுக்குக் கம்பளிச் சட்டை (இந்த வெயிலுக்கு!).
– எனக்கு ஒன்றுமில்லை. பிறகு பார்த்தால் கம்பளிச் சட்டைக்குள் ஒரு பேனை. மன்னித்தேன்.

ஐயா பெட்டியை நாலு பக்கமும் தடவிப் பார்த்தார். மகள் சுகந்தி போய் மூன்று வருடம். போகும்போது ஐயா கண்ணாடியோடு பேப்பர் வாசித்தவர். போன வருடத்தோடு இரண்டு கண்ணும் முற்றாகப் போய்விட்டது. அவளுக்கு "கொஞ்சம் மங்கல்" என்றுதான் எழுதியிருக்கிறேன். ஐயாவின் கட்டளை.

ஐந்து மணிக்குப் பூட்டத் தொடங்கினேன். லண்டன் பிளக்கில் மூன்று முள்ளும் சதுரம். வெட்டி எறிந்து நம்முடைய உருண்டை முள் பூட்டினேன். அன்ரெனா வயரைக் கழற்றி டெக்கின் வயரைச் செருகி, ரீவியின் குமிழைத் திருகு திருகென்று திருகினால், படம்! சுகந்தி கூறைச்சேலையில். பவளம் கை தட்டிவிட்டாள்.

சத்தம் மட்டும் இல்லை. வெறும் ஸ்ஸ்ஸ் என்று இரைச்சல்.

ஐயா கதிரையை ரீவிக்குக் கிட்ட இழுத்துக்கொண்டு கேட்டார்: "மழையே பெய்யுது அங்கை?"

யூன் 4, புதன்

மின்வெட்டு இரண்டு மணிவரை. பிறகு திரும்பவும் டெக்.

செய்தவை: கசெற்றைக் கழற்றிப் பூட்டினேன். வயரைச் சுரண்டினேன். ரீவியின் சத்தக் குமிழை எல்லைவரை திருகினேன். மிளகாய்ச் சாக்கில் போட்டு உலுப்பாத குறை. ஸ்ஸ்ஸ்.

பத்தாம் வகுப்புக்கு ஒலி அலை படிப்பிக்கிறவன் நான். ஆளைப் பார்.

ஐயா இன்று ஒரேயொரு கேள்விதான் கேட்டார். தாரை வார்க்கும்போது ஐயர் பெண்ணின் பூட்டன், பேரன் (தாத்தா), தகப்பன் பேர்களை மும்முறை சொல்லவேண்டும். அங்கே எங்கள் ஆள் இல்லாததால் தகப்பன் இடத்தில் நின்று தாரை வார்த்துக் கொடுத்தது மாப்பிள்ளையின் சித்தப்பாவாம்.

"அப்ப ஐயர் ஆற்றை பேரைச் சொன்னவர்? என்ரை பேரைச் சொன்னவரோ, அந்தாளின்ரை பேரைச் சொன்னவரோ?"

திரையில் ஐயரின் வாயையே பார்த்தேன். தாடிக்குள் உதடு அசைகிறது.

"தெரியேல்லை ஐயா."

"சரி. குருடனுக்கு ஊமைக் கலியாணம். பொருத்தந்தான்," என்று சிரித்தார். சிரித்துவிட்டு எழும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார். இரவுச் சாப்பாடு வேண்டாமாம்.

கோபத்தில் சுகந்திக்கு ஏரோகிராம் எழுதினேன். சத்தம் பிடிக்காத வீடியோக்காரனை எங்கே கண்டெடுத்தீர்கள், பழசைத் தள்ளிவிட யாழ்ப்பாணம்தானா கிடைத்தது, இன்னும் என்னென்னவோ. காலையில் தபாலில் போடச் சொல்லிப் பவளத்திடம் கொடுத்தேன்.

யூன் 5, வியாழன்

காற்று. கண்ணெல்லாம் புழுதி. சாவகச்சேரியிலிருந்து ஆள் வந்து சொல்லிப்போனார்: மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வந்து கசெற்றை எடுத்துப்போவார்களாம். அவர்களும் இன்னும் பார்க்கவில்லை, மறிக்கமுடியாது. கசெற் எங்களிடம் இருக்க மூன்று நாள்தான் மிச்சம்.

ஐயா இன்று ரீவிப் பக்கமே வரவில்லை. சுகந்தியின் கடிதம் ஒன்று வாசிக்கச் சொன்னார். எது என்றேன். "ஏதாவது. உன்ரை குரலிலைதானே மூண்டு வருசமாய் அவள் கதைக்கிறாள்."

கையில் வந்தது மாசி மாதக் கடிதம். வாசித்தேன். வழக்கம்போல நடுவில் ஒரு பந்தியை விட்டுவிட்டு வாசித்தேன். பனியில் சறுக்கி விழுந்து வலது கை முறிந்து, தனியே ஆசுப்பத்திரியில் கிடந்தாளே, அந்தப் பந்தி. அதைப் பற்றி ஐயாவுக்கு இன்றுவரை தெரியாது. மகள் ஐயாவின் கண் தெரியாமல் இருக்கிறாள், ஐயா மகளின் கை தெரியாமல் இருக்கிறார். நடுவில் தபால்காரன் நான்.

யூன் 6, வெள்ளி

பவளம் விளக்கு வைத்துவிட்டு வந்து நின்றாள். "இஞ்சாருங்கோ, உந்த ரோசத்தைக் கொஞ்சம் கழட்டி வைச்சிட்டு மரியதாசைக் கேளுங்கோவன்."

மரியதாஸ்: குருநகர் ஆள். சந்தியில் ஸ்பீக்கர் வாடகைக் கடை. கலியாணம், திருவிழா, பெருநாள் எல்லாவற்றுக்கும் மரத்தில் ஸ்பீக்கர்க் குழாய் கட்டுகிறவர். போன வருடம் பள்ளிக்கூடச் சோதனை நேரத்தில் எங்கள் வீட்டு வாசல் ஒழுங்கைப் பூவரசில் குழாய் கட்டி அலறவிட்டார் என்று கிராமத்து விதானையாரிடம் மனு எழுதிக் கொடுத்தவன் அடியேன். மூன்று தாளில், வலுத்த தமிழில். அன்றிலிருந்து கண்டால் அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

அறைக்குள் ஐயா இருமினார். சைக்கிளை எடுத்தேன்.

கடை வாசலில் கால் ஊன்றி நின்று, சொல்ல வந்ததைத் தலைகீழாகச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "படம் வருது, சத்தம் இரையுது. லண்டன் டெக்கோ, மாஸ்டர்?"

"ஓம்."

"அப்ப கசெற்றிலை பிழை இல்லை. லண்டன் மெசின் சத்தத்தைப் படத்துக்கு ஆறு முழம் தள்ளி விடும். எங்கடை ரீவி அஞ்சரை முழத்திலை நிண்டு காதைக் குடுக்கும். பிறகெப்பிடிக் கேக்கும்?"

அரை முழம், அதாவது அலைவரிசை வித்தியாசம்! மூன்று நாளாக நான் வயர் சுரண்டினேன்.

டெக்கின் பின்பக்கத்தில் சத்தம் தனியாக வெளியே வர ஓட்டை ஒன்று இருக்குமாம். அதிலிருந்து வயர் இழுத்து அவருடைய அம்பிளிபயருக்குக் கொடுத்தால் சரியாம். "நாளைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு வாறன். பெட்டி ஸ்பீக்கர் எல்லாம் வாடகைக்குப் போட்டுது. குழாய் மட்டுந்தான் நிக்குது. உங்களுக்கு அது..." என்று நிறுத்தி என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. நானாக இருந்தால் சிரித்திருப்பேன்.

மனுவைப் பற்றி இருவரும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அதற்கே அவருக்குக் கோடி புண்ணியம்.

வீட்டுக்கு வந்து புது ஏரோகிராம் எழுத உட்கார்ந்தேன், பழையதற்கு மன்னிப்புக் கேட்டு. பவளம் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து பழையதை எடுத்து நீட்டினாள். தபாலில் போடவே இல்லை. "உங்கடை கோவம் மூண்டு நாள் தாங்காது எண்டு எனக்குத் தெரியும்." இந்த மனுசியை எனக்குக் கட்டித் தந்தவர்கள் நல்லாயிருக்க வேண்டும்.

யூன் 7, சனி

எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டும்.

மரியதாஸ் (இனி மரி.) சொன்னபடி நாலு மணிக்கு வந்தார். சைக்கிள் கரியரில் அம்பிளிபயர், தோளில் குழாய். வீட்டுக்குள் வைத்தால் காது வெடிக்கும் என்று குழாயை முற்றத்து மாமரத்தில், வாய் ஒழுங்கைப் பக்கமாகக் கட்டினார். மனு எழுதிய கையால் ஏணியைப் பிடித்தேன்.

டெக்கைத் திருப்பினார். பின்னால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை. வயரைச் செருகி, கசெற்றைத் தட்டினார். நாதஸ்வரம்! மாமரம் அதிர்ந்தது. காகம் எல்லாம் கிளம்பிவிட்டது. ஐயா அறைக்குள்ளிருந்து தட்டுத்தடுமாறி வந்தார். பவளம் கை பிடித்து இருத்தினாள்.

அடுத்து நடந்ததைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. எங்கள் ஊரில் மரத்தில் குழாய், குழாயில் மேளம் என்றால் கலியாணவீடு. வேறு அர்த்தம் இல்லை. முதலில் முன்வீட்டு மனுசி வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்தார்: "மாஸ்டர் வீட்டிலை ஆருக்குக் கலியாணம்? எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!" பவளம் ஓடிப்போய் விளக்கம் சொன்னாள். விளக்கம் ஒழுங்கை முழுக்கப் போவதற்குள் மேளம் போய்விட்டது. வேட்டி மாற்றி, திருநீறு பூசிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. வந்த பிறகுதான் கலியாணம் லண்டனில் என்று தெரியும். தெரிந்தும் ஒருவரும் திரும்பிப் போகவில்லை. ஐயாவைப் பெண்ணின் தகப்பனாகவே கை பிடித்துக் கதைத்தார்கள். "சந்தோசம் ஐயா, பிள்ளை நல்லாயிருக்கவேணும்." ஐயா எழும்பி எழும்பிக் கும்பிட்டார். பவளம் தேத்தண்ணி ஊற்றி ஊற்றிச் சீனி முடிந்தது. முன்வீட்டுச் சீனி வந்தது.

தாரை வார்ப்பு வந்தது. எல்லோரும் வாயை மூடிவிட்டார்கள். ஐயர் மந்திரம் தொடங்கினார். அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேலால் ஆமி ஹெலிகொப்டர். முதல் தடவை ஒன்றும் கேட்கவில்லை. ஐயாவின் முகம் கறுத்துப்போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஹெலிக்காரனைத் திட்டித் தீர்த்தேன்.

ஹெலி தள்ளிப் போனது. இரண்டாம் தடவை. ஆறுமுகம்... வைத்திலிங்கம்... கதிரவேலு.

கதிரவேலு! லண்டனில் ஒரு ஐயர் சொல்லி, எங்கள் மாமரத்திலிருந்து ஒழுங்கை முழுக்க ஐயாவின் பேர்.

மூன்றாம் தடவை ஐயா தானும் சேர்ந்து சொன்னார், ஆறுமுகம், வைத்திலிங்கம், கதிரவேலு என்று. தாரை வார்ப்பதுபோல இரண்டு கையையும் மடியிலிருந்து தூக்கி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தார். கெட்டிமேளத்துக்கு முன்வீட்டு மனுசி பூப் போட்டார், ரீவிக்கு.

கசெற் முடிகிற இடத்தில் சுகந்தி தனியே வந்து நின்றாள். அதை நாங்கள் முன்பு பார்த்ததே இல்லை, சத்தமில்லை என்று பாதியிலேயே நிறுத்திவிட்டோம்.

"ஐயா, நான் சுகந்தி. உங்களை இருத்தி வைச்சுக் கட்டவேணும் எண்டுதான் ஆசைப்பட்டனான். குறை நினையாதேங்கோ. என்ரை பேர் சொல்லேக்கை உங்கடை பேர் மூண்டுதரம் வரவேணுமெண்டு ஐயருக்கு எழுதிக் குடுத்தது நான்தான். முறிஞ்ச கை இப்ப நல்ல சுகம். அண்ணை கடிதத்திலை வாசிச்சிருப்பார். இஞ்சை பாருங்கோ ஐயா..."

பிறகு பேச்சு இல்லை.

ஊரே என்னைப் பார்த்தது. ஐயாவும் என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"என்ன காட்டிறாள்?"

"வலது கையைத் தலைக்கு மேலை உயத்திக் காட்டிறாள் ஐயா. வளையல் எல்லாம் முழங்கைக்கு வந்திட்டுது. சிரிக்கிறாள்."

தலையாட்டினார். ஊர்ச் சனம் போனபிறகு அருகில் போய் உட்கார்ந்தேன். அவரே தொடங்கினார்.

"மாசிக் கடிதம். நடுவிலை ஒரு இடத்திலை மூச்சு விடுவாய். எத்தினைதரம் வாசிச்சாலும் அதே இடத்திலை. அங்கை என்னவோ கிடக்கெண்டு எனக்குத் தெரியும். நீ பாவம் எண்டு கேக்கேல்லை."

மரி. குழாயைக் கழற்றிக்கொண்டு புறப்பட்டார். வாடகை எவ்வளவு என்றேன். "கலியாணவீட்டிலை தேத்தண்ணி குடிச்சனான், வாடகைக்கு அதே காணும்." வாசல் படலையில் நின்று திரும்பி, "மாஸ்டர், சத்தம் கூடிப்போச்சோ?" என்றார். இப்போது சிரித்தார். நானும் சிரித்தேன். இன்னும் சிரிப்பு வருகிறது.

யூன் 8, ஞாயிறு

காற்று அடங்கியிருக்கிறது. சாவகச்சேரி ஆட்கள் பத்து மணிக்கு வந்து கசெற்றை எடுத்துப்போனார்கள். அரை முழக் கதையைச் சொல்லி, மரி. கடைக்கு வழியும் காட்டிவிட்டேன்.

வீடு கூட்டினோம். மாமரத்தில் கயிற்றுத் துண்டு ஒன்று தொங்குகிறது. அவிழ்க்கவில்லை, இருக்கட்டும்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஐயா கூப்பிட்டார். சுகந்திக்குக் கடிதம், அவர் சொல்ல நான் எழுதவேண்டும்.

"கலியாணம் நல்லாய் நடந்தது எண்டு எழுது. ஊர்ச் சனம் வந்தது எண்டு எழுது. என்ரை ரண்டு கண்ணும் போட்டுது எண்டு எழுது. மங்கல் கிங்கல் எண்டு எழுதாதை."

பேனையை மூடிவிட்டு இருந்தேன். சுகந்தி தந்த பேனை.

"எழுதினியோ?"

திறந்து எழுதினேன்.

"இப்ப வாசி, பாப்பம்."

வாசித்தேன். கண்ணைப் பற்றிய வரிக்கு முன்னால் என்னை அறியாமல் மூச்சு விட்டேன்.

"ம்," என்றார். "வாசி."

வாசித்தேன்.