அம்மாவுக்கும் சேர்த்து ஒரு வீடு

அன்புள்ள அம்மாவுக்கு,

வீட்டுக் கடன் கிடைத்துவிட்டது. வங்கி அதிகாரிதான் முதலில் தயங்கினார். "தனி ஆளுக்கு எதுக்கும்மா ரெண்டு ரூம்? சின்னதாப் பாத்தா தவணை குறையுமே," என்றார்.

"அம்மாவும் எங்கூட இருப்பாங்க சார்," என்றேன். உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டோமே என்று வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

அண்ணன் வீட்டில் உனக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் எப்போதும் சொல்கிறாய். போன வாரம் நான் வந்தபோது, உன் பாயும் தலையணையும் கூடத்துச் சோபாவுக்குப் பின்னால் இருந்தன. அண்ணி நல்லவள்தான். இடம்தான் இல்லை.

உன் அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு. பகலிலும் நீ படுத்துக்கொள்ளலாம்.

அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன். "உனக்கு எதுக்குடி சிரமம்" என்று மட்டும் ஆரம்பிக்காதே. எனக்குத் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது, அம்மா.

உன் மகள்