உன் மகள் என் பேரைக் கேட்கவில்லை, அக்கா

என் உயிரில் பாதியைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு போன அக்காவுக்கு,

உன் மகள் கவிதா இப்போது ரத்தப் பரிசோதனைக்குப் படிக்கிறாள். கூலிமில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பயிற்சி. அவள் ஊசியை எடுத்தால் ஜெராய் மலைகூடக் கையை நீட்டும் என்று நம் ஊர் பாடாங் மேஹா முழுக்க நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன். தாய்மாமன் என்றால் சும்மாவா?

போன வியாழக்கிழமை என் சர்க்கரையைப் பார்க்க அங்கேயே போனேன். கடாரம் கொண்ட மன்னன் போல நாற்காலியில் சாய்ந்து கையை நீட்டினேன்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. வந்தவர் தன் முழுப்பெயரையும் ஐசி அடையாள அட்டை நம்பரையும் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். படிவத்தோடு ஒத்துப்பார்த்த பிறகே டியூபில் லேபல் ஒட்ட வேண்டும். கவிதா எல்லாரிடமும் கேட்டாள். என்னிடம் மட்டும் கேட்கவில்லை. தாய்மாமனைப் பார்த்து "உங்க பேரென்ன?" என்று நீ வளர்த்த பெண் கேட்பாளா? ரத்தத்தை எடுத்தாள், மேலே கிடந்த படிவத்தின் லேபலை ஒட்டினாள்.

அது எனக்கு அடுத்து இருந்த பெரியவருடையது.

அவர் வந்து பேரைச் சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் குனிந்தாள்.

"மாமா, உங்க ரத்தத்துல அவரு பேர ஒட்டிட்டேன்."

"பிச்சு மாத்தி ஒட்டு லா. யாருக்குத் தெரியப்போவுது?"

"மாத்துறதுல மறுபடி தப்பி, உங்க சர்க்கரைக்கு அவரு மருந்து சாப்பிட்டு விழுந்தா? மாத்தக்கூடாது மாமா. இதத் தூக்கிப் போட்டுட்டுத் திரும்ப எடுக்கணும். புவான்கிட்ட சொல்லிட்டு வர்றேன்."

மேற்பார்வையாளர் புவான் சல்மாவை அழைக்கப் போனாள். அந்த இரண்டு நிமிடத்தில் உன் தம்பி என்ன செய்தான் தெரியுமா? உலகத்தைக் காப்பாற்றவே பிறந்தவன் அல்லவா! நகத்தால் லேபலை உரிக்கத் தொடங்கினேன். பாதிதான் வந்தது. கதவு திறந்தது.

புவான் டியூபைத் தூக்கிப் பார்த்தார். தவறி ஒட்டியதை மன்னித்திருப்பார், பயிற்சியே அதற்குத்தானே. உரித்து மறைக்கப் பார்ப்பது வேறு. "யார் இதை உரித்தது?" என்று மலாயில் மெதுவாகக் கேட்டார்.

கவிதா என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். வாயே திறக்கவில்லை.

நானும் திறக்கவில்லை, அக்கா. காட்டுப் பன்றியை வெறுங்கையால் விரட்டினேன் என்று ஊரெல்லாம் அளக்கிற இந்த வாய் அன்றைக்குப் பூட்டிக்கொண்டது.

டியூப் குப்பைக்குப் போனது. புவானே என் பேரைக் கேட்டு மறுபடி ரத்தம் எடுத்தார். கவிதா சுவரோரம் நின்றாள். அவளை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று திங்கட்கிழமை முடிவு செய்வார்களாம்.

மூன்று நாளாக எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை. இன்று மதியம் நானே கேட்டேன்.

"ஏம்மா என்னைக் காட்டிக் குடுக்கல?"

"நீங்களே சொல்வீங்கன்னு நெனச்சேன் மாமா."

அக்கா, நீ இருந்திருந்தால் என் காதைத் திருகியே புவானிடம் இழுத்துப் போயிருப்பாய், இல்லையா?

நாளைக்குத் திங்கள். ஆய்வுக்கூடம் திறக்கும்போது நான் வாசலில் நிற்பேன். ஒரு சொல்லும் கூட்டாமல் சொல்வேன்: உரித்தது நான், அவள் மாற்றக்கூடாது என்றாள். புவான் நம்புவாரோ, மாட்டாரோ. நம்பும்வரை அந்த இடத்தை விட்டு நகரமாட்டேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

மூன்று நாள் தாமதமாக வாய் திறக்கும்
உன் தம்பி,
மாரிமுத்து