வீதோவின் இடது பக்கத்து முடி

போஷெகா,
14 செப்டம்பர் 1974

அன்புள்ள கும் மிலுனுக்கு,

இங்கே நாங்கள் நால்வரும் சுகம். நீயும் ரூஷாவும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. உன் கடிதம் வந்து எத்தனையோ நாளாகிறது. சுபோடிட்சாவில் மை கிடைப்பதில்லையா?

இந்த வாரமும் எங்கள் தெருவில் ஜன்னல்கள் உடைந்தன. உடைத்தது என் இரண்டு பிள்ளைகளின் பந்து, புதுக் கண்ணாடி போட்டது நான். எதிர்வீட்டு சோர்கா வாசலில் நின்றுகொண்டு தெருவுக்கே கேட்கும்படி சொல்கிறாள்: "கண்ணாடிக்காரன் பலே ஆளுதான். பிள்ளைங்களை விட்டு உடைக்கச் சொல்றான், பின்னாடியே ஏணியைத் தூக்கிட்டு வந்துடறான்!" தேசாவுக்கு மருத்துவமனையில் பகல் வேலை. அம்மா வரும்வரை பையன்கள் இருவரும் என் பொறுப்பு. பார்ப்பவர்களுக்கு நான்தான் அவர்கள் பொறுப்பில் இருப்பதாகத் தோன்றும். நேற்று பெரியவன் ஓப்ரென் கோழிக்கூண்டின் கூரையிலிருந்து குதித்தான். தம்பியும் உடனே குதித்தான். இருவரும் எழுந்து ஓடினார்கள், இடிந்து விழுந்த கூரை மட்டும் எழுந்திருக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சின்னவன் வீதோவுக்கு ஐந்து வயதாகிவிட்டது. முடி தோளைத் தாண்டிவிட்டது. பாலர் பள்ளிக்குப் புதிதாக வந்த டீச்சர் அவனைப் பெண்கள் வரிசையில் நிறுத்தி, "பாப்பா, உன் ரிப்பன் எங்கம்மா?" என்று கேட்டிருக்கிறாள். அவன் அவள் காலை மிதித்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்துவிட்டான்.

நான் என்ன செய்வது, சொல். பிள்ளையின் முதல் முடியை கும்தான் வெட்ட வேண்டும். எங்கள் கல்யாணத்தில் சாட்சியாக என் பக்கத்தில் நின்று, அன்றோடு எங்கள் குடும்பத்துக்கே கும் ஆனவன் நீ. ஓப்ரெனின் முதல் முடியை வெட்டியவனும் நீ. உனக்கு முன்னால் வேறு கத்தரி இவன் தலையில் படக்கூடாது. நீயாக விட்டுக்கொடுக்காமல் வேறொருவனை நான் அழைக்கவும் முடியாது. உனக்குத் தெரியாததா?

டிசம்பர் பத்தொன்பது எங்கள் குடும்பப் புனிதர் நிக்கோலாவின் திருநாள். ரூஷாவை அழைத்துக்கொண்டு வந்துவிடு. ரயில்வேக்காரன் நீ, வண்டி கிடைக்கவில்லை என்று மட்டும் எழுதாதே.

உன்
ராடிஷா


சுபோடிட்சா,
6 அக்டோபர் 1974

அன்புள்ள கும் ராடிஷாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். தேசாவுக்கு என் அன்பு.

இங்கே ஆள் குறைவு, டிசம்பரில் விடுப்பு கிடைப்பது கஷ்டம். ரூஷாவுக்கும் உடம்பு அவ்வளவு சரியில்லை. குளிரில் நீண்ட பயணம் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. வசந்தம் வரட்டும், பார்ப்போம். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும்.

வீதோவிடம் சொல், நீளமான முடி ஒன்றும் அவமானம் இல்லை. பெல்கிராதில் பாட்டுப் பாடுகிற பையன்கள் எல்லாம் இப்போது அப்படித்தான் திரிகிறார்கள்.

உன்
மிலுன்


போஷெகா,
22 டிசம்பர் 1974

அன்புள்ள மிலுன்,

கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று நீயே எழுதிவிட்டாய். அதனால் கோபம் இல்லை. வருத்தம் இருக்கிறது, அதை மறைக்க எனக்கு வரவில்லை. போன வசந்தத்தில் கோடை என்றாய். கோடையில் இலையுதிர்காலம் என்றாய். இப்போது மறுபடியும் வசந்தம்.

திருநாளன்று உன் நாற்காலியை மேசையின் தலைமாட்டில் போட்டு வைத்தோம். வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். "கும்மோட சண்டையாடா?" என்று தேசாவின் அண்ணன் என் காதைக் கடித்தான். "கும் ரயில்ல வந்துக்கிட்டு இருக்காரு" என்று வீதோ அவனுக்குப் பதில் சொன்னான். காலையிலிருந்தே ஜன்னலை விட்டு நகராமல் இருந்தான், மிலுன். எந்தத் தொப்பியைத் தெருவில் பார்த்தாலும், "கும் மாமா!" என்று கத்தினான்.

விருந்தாளிகள் போனபிறகு வீடு அமைதியாக இருந்தது. என் வீட்டில் அமைதி என்றால் எங்கோ ஏதோ நாசமாகிறது என்று அர்த்தம். போய்ப் பார்த்தால், படுக்கையறையில் உன் நாற்காலி. அதில் வீதோ, கழுத்தில் மேசைவிரிப்பு. பின்னால் ஓப்ரென், கையில் தேசாவின் துணி வெட்டும் கத்தரி. வலது பக்கம் காதுவரை காலி. இடது பக்கம் தோள்வரை அப்படியே தொங்குகிறது.

"என்னடா பண்ற?"

"கும் மாமா வரமாட்டாருப்பா. அதனால இனிமே நான்தான் கும்."

முறையிலும் குறை வைக்கவில்லை பயல். கும் என்றால் பரிசு தர வேண்டும் அல்லவா? யாரையும் தொடவிடாத தன் தோல் பந்தைத் தம்பி மடியில் வைத்திருந்தான். அடிக்கக் கை ஓங்கினேன், அடிக்க முடியவில்லை. தேசா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு சமையலறைக்குப் போய் அழுதாள்.

மறுநாள் முடிதிருத்தும் லாசோவிடம் கூட்டிப் போனேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "கும்மோட கத்தரி படாத தலை இது. நான் தொடமாட்டேன். என்னை வம்புல மாட்டிவிடாதே" என்றான். ஆக, வலது பக்கம் பையனாகவும் இடது பக்கம் பெண்ணாகவும் என் மகன் பாலர் பள்ளிக்குப் போகிறான். குளிருக்குத் தொப்பி போடுவதால் ஏதோ மானம் தப்புகிறது.

இனி நேராகக் கேட்கிறேன். நாங்கள் உனக்கு என்ன தப்பு செய்தோம்? வீதோ பிறந்தபோது வந்துவிட்டுப் போனீர்கள், அதோடு சரி. எங்களோடு இந்த உறவு வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை எழுதிவிடு. நான் வேறொரு கும்மைத் தேடிக்கொள்கிறேன். இதை எழுத எனக்கு மனமில்லை. ஆனாலும், பையன் ஜன்னலில் நிற்பதை இன்னொரு முறை என்னால் பார்க்க முடியாது.

ராடிஷா


சுபோடிட்சா,
5 ஜனவரி 1975

அன்புள்ள ராடிஷா அவர்களுக்கு,

மிலுன் எழுதவில்லை, ரூஷா எழுதுகிறேன். அவர் வேலைக்குப் போயிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் ஆசை தாங்காமல் பிரித்துவிட்டேன். அந்த வலது பக்கம், இடது பக்கம் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டாள். கடைசிப் பக்கம் வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்கு உடம்பு சரியில்லை என்று உங்களுக்கு எழுதியதாக அவரே ஒப்புக்கொண்டார். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. தினமும் சைக்கிளில்தான் சந்தைக்குப் போகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். வீதோவைப் பார்க்க நாங்கள் வந்ததற்கு முந்தின வாரம்தான் எங்களுக்குக் குழந்தை பிறக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். உங்கள் வீட்டில் குழந்தை என் கையிலேயே தூங்கிப்போனான். திரும்பி வருகிற வண்டியில் நான் அழுதேன். ஒரு தடவை அழுதேன், ராடிஷா. அழாமல் இருக்க நான் என்ன கல்லா? அதைப் பார்த்துவிட்டு இந்த மனிதர், உங்கள் பிள்ளைகளை நான் இனிமேல் பார்க்கவே கூடாது என்று தானாகவே முடிவு செய்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்கள் அழைப்பதையும் சொல்லவில்லை.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பிள்ளை இல்லாதவளின் நிழல் பிள்ளையின் தலையில் விழக்கூடாது என்று நீங்களே எங்களை ஒதுக்கிவிட்டீர்கள் என்றுதான் நினைத்தேன். வேறு யாரையோ அழைத்து முடி வெட்டியிருப்பீர்கள் என்றும் நினைத்தேன். அந்தக் குழந்தைக்கு ஒவ்வொரு குளிர்காலமும் சட்டை பின்னினேன். அளவு கூட்டிக்கூட்டிப் பின்னிப் பெட்டியில் வைத்தேன். அனுப்பத் தைரியம் வரவில்லை.

மிலுன் வந்ததும் கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். "நீ மறுபடி அழுவியேன்னு பயந்தேன்" என்றார். "அழுதா அழுதுட்டுப் போறேன். கண்ணீரைத் துடைக்கத் தெரியாதவளா நான்? அஞ்சு வருஷமா வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டினியே, அதுக்கு யாரு பதில் சொல்றது?" என்றேன். பாவம், தலையைக் குனிந்துகொண்டு ஆறிப்போன சூப்பைக் குடித்தார். இரண்டு நாளாக நான் அவரோடு பேசவில்லை. இந்தக் கடிதத்தை ஒட்டியதும் பேசிவிடுவேன்.

இடது பக்கத்தை யாரும் தொடாதீர்கள். பிப்ரவரி முதல் சனிக்கிழமை வருகிறோம்.

ரூஷா


போஷெகா,
9 பிப்ரவரி 1975

அன்புள்ள கும் மிலுனுக்கு,

பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள். இங்கே வீடு இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை. பையன்களின் பந்தாட்டத்தில் ரூஷா கோல் காத்த இரண்டு பிளம் மரங்களுக்கு நடுவில் பனியெல்லாம் சேறாகிக் கிடக்கிறது. நல்ல காலணியைப் போட்டுக்கொண்டு அப்படி விழுந்து விழுந்து பந்து பிடிக்கிற பெண்ணை இந்தத் தெரு பார்த்ததில்லை. "உங்க கும் வீட்டுக்காரங்களும் உங்களை மாதிரிதானா?" என்று சோர்கா கேட்டாள். ஆமாம் என்றேன்.

நீ பார்க்காத ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். இடது பக்கத்தில் நீ முதல் வெட்டு வெட்டினாய். கத்தரியை மேசையில் வைத்தாய். புகைபிடிக்கிறேன் என்று முற்றத்துக்குப் போய்விட்டாய். நீ அங்கே புகைபிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும், அதை விடு. வீதோ ரூஷா மடியில் நெளிந்துகொண்டிருந்தான். மீதி முடி அப்படியே தொங்கியது. ரூஷா கத்தரியைப் பார்த்தாள். பிறகு தேசாவைப் பார்த்தாள்.

"நான் வெட்டலாமா, தேசா? என் கை படலாமா?"

தேசாவை உனக்குத் தெரியும், கொஞ்சிப் பேச வராது. "இன்னும் என்னத்தக் கேட்டுக்கிட்டு இருக்க? எந்திரிச்சு ஓடிடப் போறான், சட்டுனு வெட்டு!" என்றாள்.

வெட்டினாள். கோணலாகத்தான் வெட்டினாள். பாதியில் கண்ணீர் வந்தது, புறங்கையால் துடைத்துவிட்டு மீதியையும் வெட்டினாள். வீதோ திரும்பிப் பார்த்து, "ஏன் அத்தை அழுற? வலிச்சா நானில்ல அழணும்?" என்று கேட்டான். அவள் சிரித்ததுதான் முற்றத்தில் உனக்குக் கேட்டிருக்கும்.

இன்று லாசோ வழியில் பார்த்துவிட்டு, கோணலை இலவசமாகவே நேர் செய்து தருவதாகச் சொன்னான். வீதோ தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். இனிமேல் ரூஷா அத்தை மடியில் உட்கார்ந்துதான் முடி வெட்டிக்கொள்வானாம், வேறு யாரும் தொடக்கூடாதாம். ஓப்ரெனும் தனக்கும் அப்படியே வேண்டும் என்கிறான். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கிற பிள்ளைகள் இல்லை.

அதனால் கும், நீ ரூஷாவிடம் கேட்டு ஒரு நாளைச் சொல். பையன்களுக்கு முடி வேகமாக வளர்கிறது.

உன்
ராடிஷா