பலாமரத்தில் தொங்கிய எஞ்சின்

1934 பெப்ரவரி 8, வியாழன்
அக்குறணையில் காலைப் பனி, பிறகு வெயில். எழுத்து கோணல்மாணல். மை வேறு சிந்திவிட்டது. வாசிக்கப்போவது நான் மட்டும்; என்னிடமே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கிழவனான பிறகு எழுதப் பழகிய கை. ‘ஞ’ வந்தால் ஏற்றத்தில் நம் கார் மாதிரி மூச்சு வாங்குகிறது. இந்த நேரம் பார்த்து எஞ்சின் வேலை!

மகன் காசிமின் வாடகைக் கார். போன மாதம் தெல்தோட்டை ஏற்றத்தில் நின்றுபோய், என் மனைவி சுலைஹா பட்டுச்சேலையோடு மீதி வழி நடந்தாள். அன்றே சொல்லிவிட்டாள்: “இந்த எஞ்சின் இரிக்கிற கார்ல இனி ஏறமாட்டன்.” ஞாயிறன்று அதே தெல்தோட்டையில் அவள் தங்கை மகளுக்கு நிக்காஹ். அவள் இல்லாமல் நான் ஒரு கல்யாணத்துக்கும் போனதில்லை.

ஹந்தானைத் தோட்டத்தில் மரத்தில் மோதிய, இதே சாதிக் காரின் எஞ்சின் மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. அல்ஹம்துலில்லாஹ்.

9, வெள்ளி
பலாமரக் கிளையில் கிணற்றுக் கப்பியைக் கட்டினோம். சுலைஹா வெறும் வாளியோடு நின்றாள். “அப்ப தண்ணிய நான் எப்பிடி அள்ளுற?” காசிம் கயிற்றைக் கப்பியில் கோத்தான்.

காசிம், நான், பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட மாஸ்டர், மூவரும் கயிற்றை இழுத்தோம். எஞ்சின் எழும்பியது. கூடவே காரின் முன்சில்லுகளும் தரையை விட்டு எழும்பின.

“அண்ணை, காரும் சேர்ந்தெல்லோ வருது!” என்றார் மாஸ்டர்.

அடியில் ஒரு திருகாணி கழற்றாமல் இருந்தது.

“வாப்பா, அத நீங்க கழட்டல்லயா?”

“நீ கழட்டினண்டு நெனச்சன்!”

இறக்கி, கழற்றி, மறுபடி தூக்கி, காரைப் பின்னால் தள்ளுவதற்குள் பள்ளிவாசலில் பாங்கு. எஞ்சினை அப்படியே தொங்கவிட்டு ஜும்ஆவுக்கு ஓட்டம். மாஸ்டர் காவல். தொழுகையிலும் கண்ணுக்குள் அந்தக் கயிறு. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

திரும்பி வந்தால் மாஸ்டர் கதிரையில் குறட்டை. எஞ்சின் பத்திரம்.

10, சனி
புது எஞ்சின் உள்ளே. நாங்கள் எண்ணெய் பூசிய கப்பி மறுபடி கிணற்றுக்கு. தேநீரில் எண்ணெய் வாசம். “குடிங்கொ, நீங்க பூசின எண்ணதானே” என்றாள் சுலைஹா.

மாலை, எஞ்சினைக் கிளப்பக் கைப்பிடியைச் சுற்றினோம். இருமல். மறுபடி இருமல். பிறகு ஒரு முழக்கம்! கோழிகள் வேலி தாண்டின. நான் துள்ளினேன், இடுப்புப் பிடித்துக்கொண்டது.

சுலைஹா நம்பவில்லை. “பழசயே கழுவிப் பூட்டிட்டு ஏமாத்தப் பாக்கிறீங்களா?”

11, ஞாயிறு
மழை இல்லை. பட்டுச்சேலையில் சுலைஹா. கையில் வட்டிலப்ப இனிப்புப் பாத்திரம். காரைப் பார்க்காமல் நேராகப் பலாமரத்தடிக்குப் போனாள். அங்கே மூடியிருந்த சாக்கைத் தூக்கினாள். பழைய எஞ்சின் கிடந்தது. விரலால் இரண்டு தட்டு. பாத்திரத்தை என்னிடம் நீட்டிவிட்டுக் காரில் ஏறினாள், முன்னால்! எனக்குப் பின்னால்தான் இடமாம்.

இதை எழுதத்தான் உள்ளே ஓடிவந்தேன். காசிம் ஹோர்ன் அடிக்கிறான். ஏற்றத்தில் என்ன நடந்தது என்பது அடுத்த கிழமை, இடுப்பு விட்டால்.