மேற்குச் சுவரில் அடித்த வார்னிஷ்

கரோல் பாக், தில்லி
அக்டோபர் 9

அன்புள்ள மாப்பிள்ளை சுரேஷ்குமாருக்கு, சுப்பையா எழுதுவது.

பேராலயத்தின் மேற்குச் சுவர் உரிந்து கொட்டுகிறது. போன கிறிஸ்துமஸுக்கு நம் பெயிண்ட் கடையிலிருந்து நீ கொண்டுபோய் அடித்த சிவப்பு வார்னிஷ்தான் காரணம். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால் கூரியரில் எழுதுகிறேன்.

நேற்று நேரில் போய்ப் பார்த்தேன். சொறி பிடித்த தோல் மாதிரி சுவர் முழுக்கக் கொப்புளம். ஒன்றைக் கிள்ளினேன். செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வந்தது. உள்ளே ஈர மாவு, மேலே உப்புப் பூத்திருக்கிறது. அந்தத் துண்டைக் கல்லாவின் மேல் வைத்திருக்கிறேன்.

வெள்ளைக்காரன் புதுதில்லி கட்டிய காலத்துக் கட்டடம். சுண்ணாம்புக் காரையில் அடுக்கிய செங்கல். மழையில் குடிக்கிற தண்ணீரை வெயிலில் வெளியே விட்டுவிடும். தலையை அண்ணாந்து பார்க்கிறோமே அந்த வளைவுக் கூரை, அதைத் தொண்ணூறு வருடமாகத் தாங்கிய சுவர். நாம் அதன் மூக்கைப் பொத்திவிட்டோம். மேலிருந்து இறங்கிய தண்ணீர் போக வழியில்லாமல் உள்ளேயே ஊறிவிட்டது.

கோயில் கமிட்டியில் இருக்கும் ராஜாத்தி அம்மாள், பாளையங்கோட்டைக்காரர், எல்லார் முன்னாலும் கேட்டார்: "என்ன அண்ணாச்சி, எங்க கோயிலுக்கு நெயில் பாலிஷ் போட்டு விட்டுட்டீகளே!" எல்லாரும் சிரித்தார்கள். ஃபாதர் சிரிக்கவில்லை. அதுதான் சுட்டது.

பளபளப்பு கேட்டது அவர்கள்தான். ஆனால் பழைய செங்கல்லுக்கு ஆகாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டு நீ எனக்குப் போன் செய்தாய். நான் துவாரகாவில் ஒரு சைட்டில் இருந்தேன். "கேக்குறாங்கள்ல, ஜல்தி குடுத்துத் தொலை மாப்ள" என்றேன். புகார் வந்த அன்று, கடை ஆட்கள் முன்னால், உனக்குப் படிக்கக்கூடத் தெரியாதா என்று கத்தியதும் நான்தான். நீ கடைச் சாவியை மேசையில் வைத்துவிட்டு ராஜபாளையத்துக்கு ரயிலேறினாய். போனில் குடுக்கச் சொன்னது நான்தான் என்பதை எல்லாரிடமும் மறைத்துவிட்டேன்.

நேற்று ஃபாதரிடம் உள்ளதைச் சொன்னேன். வீட்டுக்கு வந்து உன் அக்காவிடமும் சொன்னேன். அம்சவேணி எனக்குச் சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். அந்தச் சுவரைப் பார்த்ததைவிட, முகம் கழுவும்போது கண்ணாடியைப் பார்ப்பது அருவருப்பாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். சாவி வைத்த இடத்திலேயே இருக்கிறது.

ஃபாதரிடம் பேசி முடித்தது இது. கூலியும் சாமானும் நம்முடையது, கோயிலிடம் ஒரு பைசா வாங்குவதில்லை. மெஷின் வைக்காமல் கையால் உரிக்க வேண்டும். கெட்ட செங்கல்லை மாற்றி, சுண்ணாம்புக் காரையிலேயே பூச வேண்டும். கிறிஸ்துமஸுக்குள் முடிக்க வேண்டும். கடைக்காரர் ஒருவர் தினமும் சாரத்தின் மேல் நிற்க வேண்டும். திங்கள், புதன், வெள்ளி நான். மற்ற நாட்களுக்கு உன் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

உன் மச்சான்
சுப்பையா